டீச்சரும் பியூனும் ஏறிய லாரி

மெகராஜ் பேகம் வைத்த கெடு ஒன்றே ஒன்றுதான். வ. புதுப்பட்டிக் கல்யாணத்துக்கு டீச்சர் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும், மாப்பிள்ளையைச் சுமக்க வேண்டும், ஊர்வலம் ஒழுங்காக முடிய வேண்டும். முடிந்தால் டீச்சர் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போய்விட வேண்டியதுதான்.

"இதுக்கு மேல பேச்சு கிடையாது," என்று சொல்லிக்கொண்டே அவள் புல்லுக்கட்டை அவிழ்த்தாள். "வருசத்துக்கு நாலு கல்யாணம். மிச்ச நாளெல்லாம் நின்னுக்கிட்டே திங்குது. நானும் எம்புட்டு நாள்தான் பொறுக்க?"

மைதீன் பிச்சை புல்லை உதறிப் போட்டார். மனைவி சொன்னதில் தவறு இருந்தால் அல்லவா மறுப்பதற்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டுகிறவர் அவர். அவரிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. ஜட்கா இழுப்பது செவலை; பெயர் பியூன். யார் எதை ஏற்றினாலும் சுமக்கும், யார் எதிரே வந்தாலும் ஒதுங்கி வழிவிடும். மற்றது வெள்ளை. கல்யாண ஊர்வலத்துக்கென்றே மதுரையில் ஒரு ஜட்காக்காரரிடம் வாங்கியது. பக்கத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டால் கழுத்தை மெல்லத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும்; தெருவே அடங்கிவிடும். அதனால் டீச்சர். பியூன் முன்னால் போகாமல் டீச்சர் எங்கேயும் போகாது. ஆகவே எந்தக் கல்யாணமென்றாலும் இரண்டும் சேர்ந்துதான் போகும். டீச்சர் மேல் மாப்பிள்ளை, பியூன் மேல் மாப்பிள்ளைத் தோழன்.

கெடு வந்ததற்குக் காரணம் 1987-ஆம் வருஷத்து ஐப்பசி. அதே புதுப்பட்டியில் ஒரு கல்யாணம். இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். விடியற்காலையில் கிளம்பி நடத்தியே கூட்டிப் போனார். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மழை பிடித்தது. ஓடையில் தண்ணீர் வடிய இரண்டு மணி நேரம் காத்துக்கிடந்தார். போய்ச் சேர்ந்தபோது டீச்சர் செம்மண் நிறத்தில் இருந்தது, பியூனுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முன்பே மாப்பிள்ளை யாரோ ஒருவருடைய சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து நிக்காஹுக்குப் போயிருந்தார். அன்றோடு வத்திராயிருப்புப் பக்கம் முழுவதும் மைதீன் பிச்சையின் பெயரைச் சொன்னாலே சைக்கிள் மணி அடித்துக் காட்டினார்கள்.

இப்போது தை மாதம். ராஜபாளையத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் மதார் சாகிப் தன் மகன் சிக்கந்தருக்குப் புதுப்பட்டியிலேயே பெண் எடுத்திருந்தார். அவரே நேரில் ஜட்கா ஸ்டாண்டுக்கு வந்தார்.

"பிச்சை, எங்க அத்தா குதிரையில போனாரு, நானும் குதிரையில போனேன். எம் மகனும் குதிரையிலதான் போகணும். உன்னைய விட்டா இந்தப் பக்கம் வெள்ளக் குதிரை இல்ல. அதனாலதான் வந்தேன், தெரிஞ்சுக்க. அவனக் கேரியர்ல ஏத்திறாத."

"மொதலாளி, இந்தத் தடவ நடக்க விடமாட்டேன். வண்டியில ஏத்திக் கொண்டுவந்து, வேர்வை படாம நிறுத்திருதேன்."

சொல்லிவிட்டார். எந்த வண்டி என்பது அதற்குப் பிறகுதான் யோசனை.

மதார் சாகிப் தன் லாரியைத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் ஏற்றிவரும் லாரி, டிரைவர் பொன்னுராஜ். அதே வாரம் மெகராஜ் பேகத்தின் தம்பி அப்துல் ஹமீது செட்டியார்பட்டியிலிருந்து வந்தான். அவனிடம் டிராக்டரும் டிரெய்லரும் இருந்தன. கல்யாணப் பெண் அவன் மனைவிக்கு அக்காள் மகள் வேண்டும்.

"வீட்டுல டிரெய்லர் இருக்கும்போது மச்சான் எதுக்கு அடுத்தவன் லாரியப் பாக்கணும்?" என்றான் ஹமீது. "எருமைய ஏத்திருக்கேன், காளைய ஏத்திருக்கேன், ஒருக்கா எங்க ஊரு ஆளுக பத்தொம்பது பேரை ஏத்திருக்கேன். ஒருத்தன் கீழ விழல."

"பத்தொம்பது பேரும் பொறவு உங்கூடப் பேசினாகளா?" என்று கேட்டார் மைதீன் பிச்சை.

"அக்கா, பாத்தியா இவிய பேசுறத!"

மைதீன் பிச்சை எதையும் தோராயமாகச் செய்கிறவர் அல்ல. ஜட்காவில் நான்கு பேர் ஏறினாலும் யார் கனம், யார் லேசு என்று பார்த்து, முன்பாரம் பின்பாரம் சரியாகும்வரை அவர்களை இப்படியும் அப்படியும் நகர்த்தி உட்கார வைத்த பிறகுதான் கடிவாளத்தைத் தொடுவார். பட்டணத்துப் பயணிகள் சலித்துக்கொள்வார்கள். அவர் கவலைப்பட மாட்டார். லாரியா டிரெய்லரா என்பதையும் அப்படியே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

பரீட்சை இதுதான்: ஒரு பித்தளைச் சொம்பில் கழுத்துவரை தண்ணீர். அதைக் கையில் ஏந்திக்கொண்டு வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து கிருஷ்ணன்கோவில் விலக்கு வரை போய்த் திரும்ப வேண்டும். எந்த வண்டியில் தண்ணீர் அதிகம் மிச்சமாகிறதோ அந்த வண்டி.

முதலில் டிரெய்லர். ஹமீது தன் மானத்தையே ஓட்டுவதுபோல மெதுவாக ஓட்டினான். ஆனால் டிரெய்லருக்குக் குலுக்கலைத் தாங்க வில்லும் இல்லை, பட்டையும் இல்லை. கல் ஒன்றின் மேல் ஏறினால் அந்தக் கல்லின் முழு விவரமும் மைதீன் பிச்சையின் பல்லுக்கு வந்து சேர்ந்தது. திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. சொம்பின் அடியில் மூன்று விரற்கடைத் தண்ணீர் இருந்தது.

"சொம்பும் கையுமா நிக்குற ஆளை டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போறேன்," என்றான் ஹமீது. "ரோட்டுல போறவன் வாறவன் எல்லாம், 'ஏலே, அவியளுக்கு அவசரம்போல, செத்த நிறுத்தேம்லே'ங்கான். இந்த அசிங்கம் எனக்குத் தேவையா?"

அடுத்து லாரி. பொன்னுராஜ் இருபது வருஷம் சிமெண்ட் மூட்டை ஏற்றியவர். அவருக்கு வண்டியை ஆட்டாமல் ஓட்டிப் பழக்கமில்லை. ஆனாலும் லாரிக்குப் பட்டை இருந்தது. சொம்பில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

மைதீன் பிச்சை சொம்பை ஹமீதின் முகத்துக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார்.

"மச்சான், குதிரை என்ன சொம்பா?" என்று கத்தினான் ஹமீது. "அதுக்கு நாலு காலு இருக்கு, ஊனி நிக்கும். உங்க லாரி எம்புட்டு ஒசரம்னு பாத்தீயளா? என் டிரெய்லர் இடுப்புக்குக் கீழ. எங்கிட்டப் பலகை இருக்கு. கெணத்து மோட்டார உருட்டி ஏத்துற பலகை. சாச்சு வச்சா குதிரை வீட்டுக்குள்ள போற மாதிரிப் போகும்."

"லாரிக்கு எதுக்குப் பலகை? கூட்ஸ் ஷெட்டு இருக்குல்ல?"

ரயில் நிலையத்துச் சரக்கு மேடை லாரித் தளத்தின் அதே உயரம். மேடைக்கு ஏற ஒரு பக்கம் சரிவு உண்டு. சரக்கு எடுக்கப் பியூன் வாரம் இரண்டு முறையாவது அதில் ஏறி இறங்கும். பொன்னுராஜ் லாரியைப் பின்னால் எடுத்து மேடையோடு ஒட்டி நிறுத்தினார். பியூன் எதையும் விசாரிக்காமல் லாரிக்குள் நடந்து போனது. டீச்சர் பின்னாலேயே போனது. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே மேடையில் இரண்டையும் நடத்தி இறக்கினார்கள். ஸ்டாண்டில் இருந்த ஜட்காக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இதைவிடச் சுலபமாக மனுஷனைக்கூட ஏற்றி இறக்க முடியாது.

லாரி என்று முடிவானது. ஹமீது ஒரு வாரம் அக்காள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் சைக்கிளில் வந்து, வாசலில் ஒரு காலை ஊன்றியபடியே, "அக்கா, பொண்ணு வீட்டுக்குப் பீரோவும் கட்டிலும் கொண்டுபோற வேலை என் டிரெய்லருக்கு வந்திருக்கு. குதிரைக்கு ஆகாத வண்டி பீரோவுக்காவது ஆகுதே. நீ எங்கூட வந்துரு, உனக்கு லாரியெல்லாம் எதுக்கு," என்று சொல்லிவிட்டு, மச்சான் பக்கம் திரும்பாமலே போய்விட்டான்.

கல்யாணத்தன்று எல்லாம் கணக்காக நடந்தது. நிக்காஹ் பதினொன்றரைக்கு. ஊர்வலம் பதினொன்றுக்குள் ஊர் எல்லையில் புறப்பட வேண்டும். மைதீன் பிச்சை ஏழு மணிக்கே குதிரைகளை ஏற்றினார். லாரித் தளத்தில் வைக்கோல் பரப்பியிருந்தது. டீச்சரை முதல் நாளே சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, வாலைப் பின்னி, சிவப்புப் பட்டு நூல் கட்டியிருந்தார். வழியெல்லாம் அதன் பக்கத்திலேயே நின்று, லாரி குலுங்கும்போதெல்லாம், "ஒண்ணுமில்ல டீச்சர், ஒண்ணுமில்ல," என்று சொல்லிக்கொண்டே வந்தார். எட்டே முக்காலுக்குப் புதுப்பட்டி வந்துவிட்டது.

பேருந்து நிற்குமிடத்தில் சீனியம்மாளின் டீக்கடை. போன ஐப்பசியில் மைதீன் பிச்சை சேறும் சகதியுமாக வந்து நின்றதும் அதே இடந்தான்.

"வந்துட்டாகய்யா!" என்றாள் சீனியம்மாள், லாரிக்கு மேலே தெரிந்த இரண்டு குதிரைத் தலைகளைப் பார்த்து. "அண்ணாச்சி, இந்தத் தடவ வெள்ளையாவே கொண்டாந்துட்டீகளே! நான் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வச்சிருந்தேன்."

கூட்டம் சிரித்தது. மைதீன் பிச்சையும் சிரித்தார். அவருக்கு அன்று சிரிக்க உரிமை இருந்தது. கையிலிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சரி, எறக்கிருவோம் டிரைவரே. வண்டிய மேடைக்கு விடுங்க," என்றார்.

"எந்த மேடைக்கு?" என்று கேட்டார் பொன்னுராஜ்.

மைதீன் பிச்சை சுற்றிலும் பார்த்தார். டீக்கடை இருந்தது. வேப்பமரம் இருந்தது. பள்ளிவாசல் மினார் தெரிந்தது. ரயில் வராத ஊரில் சரக்கு மேடை எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்பது வருஷமாக ஸ்டேஷனிலேயே கிடந்தவர். லாரி என்றாலே அவர் மனத்தில் அதன் பின்னால் ஒரு மேடையும் சேர்ந்தே வரும். சொம்புத் தண்ணீரை விரற்கடையால் அளந்து பார்த்தார், புதுப்பட்டியில் இறங்குவது எப்படி என்பதை மட்டும் பார்க்கவே இல்லை.

"நீங்க சொல்லக் கூடாதா டிரைவரே?"

"நான் என்னத்தக் கண்டேன்? எஞ்சரக்கு எல்லாம் தலையில ஏறி எறங்கிரும். வந்து நின்னதும் நான் டீ குடிக்கப் போயிருவேன்."

லாரித் தளம் ஆள் நெஞ்சளவு உயரம். அதிலிருந்து குதிரையைக் குதிக்க விட்டால் முன்னங்கால் போய்விடும். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவர் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து சாய்த்து வைத்தார். அது ஏணி மாதிரி நின்றது. பியூன் விளிம்புவரை வந்து, கழுத்தை நீட்டிக் கீழே பார்த்து, யாரையும் புண்படுத்தாமல் மெதுவாகப் பின்னால் போய்விட்டது. அதற்குப் பின்னால் நின்ற டீச்சர் மைதீன் பிச்சையை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையை இதுவரை அவர் மற்றவர்கள் மேல்தான் கண்டிருக்கிறார்.

கண்மாய்க் கரையோடு லாரியை ஒட்டினால் என்ன என்றார்கள். பொன்னுராஜ் போய்ப் பார்த்து வந்து கையை விரித்தார். "கண்மாய் நெறஞ்சு கரையெல்லாம் ஊறிக் கெடக்கு. பின்சக்கரம் எறங்கிருச்சின்னா இந்த லாரியத் தூக்க இன்னொரு லாரி வரணும்."

ஒன்பதரை ஆனது. மதார் சாகிப் வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வேர்வை படாமக் கொண்டாருவேன்னு சொன்ன. இப்ப எனக்கு வேர்க்குது, பிச்சை."

"மொதலாளி, பேசாம மாப்பிள்ளைய லாரியில ஏத்தி, குதிரை மேல உக்கார வச்சு, லாரியவே ஊர்வலமா விட்டா என்ன?" என்று கேட்டாள் சீனியம்மாள். "ஒசரமாத் தெரியும், எல்லாரும் பாக்கலாம்."

"லாரிக்குப் பின்னால நின்னு வந்தா அவன மாப்பிள்ளைனு எவன் நெனப்பான்? கிளீனர்னுதான் நெனப்பான்!" என்றார் மதார் சாகிப்.

மைதீன் பிச்சைக்குச் சிரிப்பு வரவில்லை. லாரியின் பக்கவாட்டுப் பலகை இடுக்கு வழியாக டீச்சரின் மூக்கு தெரிந்தது. வைக்கோலைத் தின்றுகொண்டு நிம்மதியாக இருந்தது. ஆடி மாதம், அந்தியூர், யாரோ ஒரு வியாபாரி அதன் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவது, எல்லாம் அவர் கண் முன்னால் வந்து போனது. மெகராஜ் இன்னும் வந்து சேரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த ஆறுதலும் பத்து மணிக்குப் போனது. தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. டிரெய்லரில் ஒரு பச்சைப் பீரோ நின்றது, அதை இறக்க மோட்டார்ப் பலகை சாய்ந்திருந்தது, ஒரு இரும்புக் கட்டில் கிடந்தது, கட்டிலின் மேல் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மெகராஜ் பேகம், தூசிக்கு முந்தானையால் மூக்கை மூடியபடி.

ஹமீது டிராக்டரை நிறுத்தினான். லாரியைப் பார்த்தான். மேலே நின்ற குதிரைகளைப் பார்த்தான். கீழே கிடந்த கதவைப் பார்த்தான். விஷயம் முழுவதும் புரிந்ததும் அவன் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்த சந்தோஷம் பரவியது.

"மச்சான்," என்றான், இரண்டு வாரம் கழித்து முதல் முறையாக. "சொம்பு கொண்டாந்திருக்கீயளா?"

மைதீன் பிச்சையின் கண் அவன் முகத்தில் இல்லை. டிரெய்லரின் தளத்தில் இருந்தது. பிறகு லாரியின் தளத்துக்குப் போனது. திரும்ப டிரெய்லருக்கு வந்தது. நெஞ்சளவு, இடுப்புக்குக் கீழே, தரை. அவர் வாய் தானாக எண்ணியது: "ஒண்ணு, ரெண்டு, மூணு."

"என்ன எண்ணுதாக?" என்றாள் மெகராஜ் பேகம் இறங்கிக்கொண்டே.

"படி," என்றார். "ஹமீது, உன் டிரெய்லர்ல ரெண்டு பக்கப் பலகையும் தொறக்குமா?"

"தொறக்கும்."

"அத ரோட்டுக்குக் குறுக்க நிறுத்து. லாரி பின்னால வந்து அதோட வயித்துல ஒட்டட்டும். குதிரை லாரியில இருந்து டிரெய்லர்ல காலு வைக்கட்டும். அந்தப் பக்கம் உன் மோட்டார்ப் பலகை வழியாத் தரைக்கு வரட்டும்."

ஹமீதுக்கும் அது உடனே பிடிபட்டது. ஆனால் இரண்டு வாரக் கோபத்தை அவ்வளவு மலிவாக விட அவனுக்கு மனம் இல்லை. இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"செய்யலாம் மச்சான். அதுக்கு முன்னால ஒரு வார்த்தை. டிரெய்லர்தான் நல்ல வண்டினு இம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லிருங்க."

கூட்டம் நெருங்கி வந்தது. மைதீன் பிச்சை தொண்டையைச் செருமினார். பொய் சொல்ல அவரால் முடியவில்லை. தண்ணீர் மூன்று விரற்கடைதானே இருந்தது. "வாறதுக்கு லாரி நல்ல வண்டி," என்றார். "எறங்குறதுக்கு..."

"ஏலே அமீது!" மெகராஜ் பேகத்தின் குரல் வந்தது. "மணி என்னாகுதுனு பாரு. பொண்ணு ஒனக்கும் மகதான். மொதல்ல பீரோவ எறக்குலே. ஒன்னோட நல்ல வண்டிய நான் வீட்டுக்குப் போயிச் சொல்லுதேன்."

பீரோ இறங்கியது. கட்டில் இறங்கியது. டிரெய்லர் குறுக்கே நின்றது. பொன்னுராஜ் லாரியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார். ஊர் முழுவதும் அவருக்கு வழிகாட்டியது. "வரட்டும், வரட்டும், வரட்டும்... நிறுத்துய்யா, பீரோ!" இடைவெளி தெரியாமல் இருக்கத் தார்ப்பாயை விரித்து, மேலே வைக்கோலைப் போட்டார்கள். மைதீன் பிச்சை கயிற்றைப் பிடித்துப் பியூனை அழைத்தார். பியூன் ஒரு காலை வைத்துப் பார்த்தது, அடுத்த காலை வைத்தது, டிரெய்லரில் நின்று ஒரு முறை மூச்சு விட்டது, பலகை வழியே தடதடவென்று இறங்கித் தரைக்கு வந்து, எதிரே நின்ற சீனியம்மாளுக்கு ஒதுங்கி வழிவிட்டது.

கைதட்டல் அடங்குவதற்குள் எல்லோரும் லாரியைப் பார்த்தார்கள். டீச்சர் அசையவில்லை.

பியூன் போனால் பின்னாலேயே போகிற டீச்சர், ஒரு காலைக்கூடத் தூக்கவில்லை. மைதீன் பிச்சை இழுத்தார், கெஞ்சினார், பியூனைக் கீழேயிருந்து கனைக்க வைத்தார். காது மட்டும் ஆடியது. மணி பத்தே முக்கால். நேரம் மிச்சமாகட்டும் என்று லாரியிலேயே அதன் முதுகில் பட்டு விரிப்பும் பூச்சரமும் போட்டு அலங்காரம் முடிந்திருந்தது. மெகராஜ் பேகம் கீழே நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை தன்னை அறியாமல் விரிப்பைச் சரிசெய்தபோதுதான் அவருக்கு விளங்கியது. டீச்சர் மதுரையில் ஜட்கா இழுத்த குதிரை. ஜட்காக் குதிரை எப்போது நகரும்? ஆள் ஏறி, பாரம் சரியாகி, உட்கார்ந்து முடித்த பிறகுதான் நகரும். முதுகில் சேணம்போல விரிப்பைக் கட்டியாகிவிட்டது, பாரம் இன்னும் ஏறவில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஆள் ஏறுவதற்காக நிற்கிறது.

"யாராவது மேல ஏறுனா எறங்கிரும்," என்றார்.

"அப்ப ஏறுங்க மச்சான், என்ன பாக்குதீய?" என்றான் ஹமீது.

"நான் ஏறக் கூடாது. விரிப்புப் போட்ட பொறவு மாப்பிள்ளைக்கு முன்னால வேற ஆளு உக்காரக் கூடாது. முப்பது கல்யாணத்துல ஒருக்காகூட விட்டதில்ல." அவர் மதார் சாகிப்பைப் பார்த்தார். "மொதலாளி, மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க."

மதார் சாகிப் தலைப்பாகையைத் திரும்பத் தலையில் வைத்தார். "லாரியில ஊர்வலம் கூடாதுன்னுதான் சொன்னேன். லாரியில இருந்து எறங்கக் கூடாதுன்னு சொல்லல," என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

சிக்கந்தரை அழைத்து வந்தார்கள். நெற்றியிலிருந்து நெஞ்சுவரை மல்லிகைச் சரம் தொங்கியது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மல்லிகை மட்டும்தான். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பலகையில் ஏற்றி, டிரெய்லரில் நிறுத்தி, லாரிக்குத் தூக்கினார்கள்.

"என்ன மாமா, படியாப் போகுது? மேடையா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"ஆமா தம்பி, மேடைதான். நேரா உக்காருங்க. செத்த முன்னால தள்ளி... அம்புட்டுத்தான். கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கிடுங்க. ஒண்ணுமில்ல, சின்னப் படி ரெண்டு வரும்."

பாரம் சரியானது. மைதீன் பிச்சை கடிவாளத்தைப் பிடித்து, ஸ்டேஷனில் சொல்வதுபோலவே, "போவோமா டீச்சர்?" என்றார்.

டீச்சர் நடந்தது. லாரியிலிருந்து டிரெய்லருக்கு அது கால் வைத்தபோது சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். டிரெய்லரில் அது நின்று நிதானித்தது. மேலே சிக்கந்தர், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல், முதுகு வளையாமல், ஒரு கையை இடுப்பில் வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு பலகையில் குளம்புகள் விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. டீச்சர் தரையில் நின்றது. பேண்டு வாத்தியம் தானாகவே தொடங்கிவிட்டது. கூட்டம் ஊளையிட்டது, விசிலடித்தது. பிள்ளைகள் பக்கம் டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தது.

ஊர்வலம் பதினொன்று ஐந்துக்குப் புறப்பட்டது. நிக்காஹ் பதினொன்றரைக்கே நடந்தது.

மத்தியானம் பிரியாணிப் பந்தியில் மைதீன் பிச்சை கை கழுவிக்கொண்டிருந்தபோது வத்திராயிருப்பிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளைப் பையன் என்னமா எறங்கி வந்தான்! ராசா மாதிரி. வைகாசியில எம் பேரனுக்கு வச்சிருக்கோம். அதே மாதிரி லாரி, டிரெய்லர் ரெண்டும் வந்துரணும். மேல இருந்துதான் எறங்கணும், ஆமா. என்ன யோசனைய்யா உமக்கு!"

"இல்லைங்க, அது வந்து..." என்று உண்மையைத் தொடங்கினார் மைதீன் பிச்சை. பின்னாலிருந்து யாரோ முதுகில் நறுக்கென்று கிள்ளினார்கள்.

"வந்துரும், பெரியவரே," என்றாள் மெகராஜ் பேகம். "ரெண்டு வண்டியும் வந்துரும்."

அவர் போன பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். போன ஐப்பசியில் கேரியரில் போன அந்த மாப்பிள்ளையும் வந்து, டீச்சரின் கழுத்தைத் தடவிக்கொடுத்து, தன் தம்பிக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேப்பமரத்தடியில் ஹமீதும் பொன்னுராஜும் ஊர்வலத்துக்கு முக்கியம் மேல்படியா கீழ்ப்படியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவர் கையிலும் வெற்றிலை இருந்ததால் அது பெரிய சண்டையாக வளரவில்லை.

அந்தியூர் உண்டா இல்லையா என்பதை மைதீன் பிச்சை மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. டீச்சரின் முதுகிலிருந்து விரிப்பை எடுத்து மடித்தார். பியூனுக்குத் தண்ணீர் காட்டினார். திரும்ப விரிப்பைப் பிரித்து இன்னொரு முறை மடித்தார்.

மெகராஜ் பேகம் வந்தாள். குனிந்து டீச்சரின் வலது முன்னங்காலைத் தட்டித் தூக்கச் சொல்லி, குளம்பின் அடியைப் பார்த்தாள். பிறகு இடது கால். பிறகு பின்னங்கால் இரண்டும்.

"இம்புட்டுத் தேஞ்சு கெடக்கு, நீங்க என்னத்தப் பாக்குதீய?" என்றாள். "நாளைக்குக் காலையில மொத வேலையா நாலு காலுக்கும் புது லாடம் அடிச்சிரணும்."

விற்கப்போகிற குதிரைக்கு யாரும் புது லாடம் அடிப்பதில்லை. மைதீன் பிச்சை மடித்த விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பியூனுக்கும் அடிச்சிருவோமா?" என்று கேட்டார்.

"அதுக்கு எதுக்கு? அதான் வாரம் பூரா நடந்து தேய்ச்சிருதே," என்றாள் அவள். இரண்டு அடி போய்விட்டு, திரும்பிப் பார்த்து, "சரி, அதுக்கும் அடிங்க. இல்லாட்டி அதுவும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடும், எந்தம்பி மாதிரி," என்றாள்.